நான் கை காட்டிய மரம்

என் வீட்டுக்காரர் மரம் விழுந்து செத்தார். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். மரம் வெட்டுகிறவன் மரம் விழுந்து சாவதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. 'ஐயோ பாவம்' என்று சூள் கொட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அவர் வெட்டிய மரம் ஒன்றுகூட அவர் மேல் விழவில்லை. வெட்டக்கூடாது என்று நான் நிறுத்திவைத்த மரம்தான் விழுந்தது. இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்க முடியாவிட்டால் மூடிவைத்துவிட்டுப் போங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் தொடங்கியிருந்த சமயம். ரங்கூன் பட்டணம் போதவில்லை என்று துரைமார் வடக்கே நகர ஆரம்பித்திருந்தார்கள். கமாயுட்டைத் தாண்டி, இன்செயின் போகும் ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு மேட்டுக்காடு. அதை வெட்டிச் சமமாக்கிக் கொடுத்தால் அங்கே பங்களாக்கள் வருமாம். எங்கள் மேஸ்திரி, ரங்கூனில் நாங்கள் இருந்த பசுந்தாங் பேட்டையிலிருந்து பதினான்கு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனார். ஆண்களுக்குக் கோடாரியும் ரம்பமும். பெண்கள் கிளையை இழுத்து, கழித்து, விறகுக்கட்டுப் போட வேண்டும். என் வீட்டுக்காரர்தான் அந்தக் கூட்டத்தில் முதல் கோடாரி. மரம் எந்தப் பக்கம் சாயும் என்று அவர் சொல்கிறாரோ அந்தப் பக்கம்தான் சாயும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மற்றபடி பேச்சில்லாத மனுஷர். எங்கள் வீட்டில் பேசுகிறதெல்லாம் நான்தான்.

பசுந்தாங்கை விட்டுப் போகிறோம் என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த லைன் வீட்டில் ஓர் அறைக்கு மூன்று குடும்பம், நடுவில் கோணிப்பைத் திரை. முன்னால் அரிசி ஆலையின் உமித்தூசி, பின்னால் ஓடைச் சேறு. என் முதல் பிள்ளை அங்கே பதினோரு மாதம் இருந்தான். காய்ச்சலில் போனான். இரண்டாவது பெண். வாந்திபேதி வந்து மூன்றே நாள். இரண்டையும் நான்தான் கடைசியாகக் குளிப்பாட்டிக் கொடுத்தேன். மூன்றாவது வயிற்றில் நாலு மாதம் இருக்கும்போது காட்டுக்குப் போகலாம் என்றால் சந்தோஷப்படாமல் என்ன செய்வேன்? கூரை ஒழுகினாலும் பரவாயில்லை, அரைவயிற்றுக் கஞ்சி என்றாலும் பரவாயில்லை, இது ஒன்று தங்கவேண்டும். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் இதற்காகத்தான். மன்னிப்புக் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்தது அதுதான், அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. காட்டில் முதல் கோடாரி விழும் முன்னால் ஒரு மரத்தை முனிக்கு விட்டுவிட வேண்டும். மஞ்சள் துணி கட்டி, கோழி அறுத்து, 'மற்ற மரங்களில் இருக்கிறவங்க எல்லாரும் இந்த மரத்துக்கு வந்துடுங்க, எங்க மேல கோவிச்சுக்காதீங்க' என்று மேஸ்திரி சத்தமாகச் சொல்வார். அதன்பிறகு வேலை முடியும்வரை அந்த மரத்தில் இரும்பு படக்கூடாது. ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது. எந்த மரம் என்று கை காட்டுவது கூட்டத்தில் பிள்ளை சுமக்கிற பெண். அவள் குடிசை அந்த மரத்துக்குக் கீழேதான் போடப்படும், அவள்தான் தினம் விளக்கு வைப்பாள். பிறக்கிற பிள்ளைக்கு அந்த முனி காவல். ஏதாவது காரணத்தால் மரத்தை வெட்டியே ஆகவேண்டும் என்றால், கை காட்டியவளே வேரில் தண்ணீர் ஊற்றி, 'போய்க்க சாமி' என்று விடைகொடுக்க வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது, மேஸ்திரி சொன்னாலும் செல்லாது.

அந்த வருஷம் பதினான்கு குடும்பத்தில் பிள்ளை சுமந்தவள் நான் ஒருத்திதான்.

காட்டுக்குள் என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் எல்லோரும் வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவரை என்னை யாரும் எதற்கும் முன்னால் நடக்கச் சொன்னதில்லை. நடுக்காட்டில் ஒரு கன்யின் மரம் நின்றது. கன்யின் என்றால் பர்மாக்காரர்கள் எண்ணெய் எடுக்கிற மரம். அடியிலிருந்து உச்சிவரை ஒரு கோணல் கிடையாது. அறுபது எழுபது அடிக்குக் கிளையே இல்லாமல் போய், மேலே வெளிச்சத்தில் மட்டும் ஒரு கொத்து இலை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. இதுதான் என்று கையைக் காட்டினேன்.

கூட்டத்தோடு கூட ஒரு பர்மாக்காரர் வந்திருந்தார். அந்தக் காட்டில் கன்யின் எண்ணெய் வடித்து, தீப்பந்தம் செய்து, கெம்மண்டைன் படகுத்துறையில் விற்கிறவர். என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். காடு போகிறதே என்ற துக்கத்தில் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் கை காட்டியதைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"இது வேணாம்மா. வேற பாரு. இது காத்து தெரியாத மரம்" என்றார். பாதித் தமிழ், பாதி பர்மியம். மீதியை என் வீட்டுக்காரர் பர்மியத்தில் கேட்டு எனக்குச் சொன்னார். சுற்றி நிற்கிற மரங்கள்தான் இத்தனை காலமும் காற்றை வாங்கிக்கொண்டன. இது வெளிச்சத்துக்காக மேலே மேலே போனதே ஒழிய, அடி பருக்கவில்லை, வேரும் ஆழம் போகவில்லை. மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு இதை மட்டும் நிறுத்தினால் நிற்காது. ஓடைப் பக்கம், காட்டு ஓரத்தில், குட்டையாகக் கோணலாக ஒன்று நிற்கிறது. சின்ன வயதிலிருந்தே காற்றில் நின்று பழகியது. சாமிக்கு விடுவதென்றால் அதை விடுங்கள்.

நான் போய் அந்த ஓடைக்கரை மரத்தையும் பார்த்தேன். முண்டும் முடிச்சுமாக, ஒரு பக்கம் கிளையே இல்லாமல், கண்ணால் பார்க்கச் சகிக்கவில்லை. என் பிள்ளைக்குக் காவல் இருக்கிற சாமியை இதிலா குடிவைப்பது?

"எண்ணெய் மரத்தை நாங்க சாமிக்கு விட்டுட்டா இவருக்கு எண்ணெய் போயிடுமே, அதான் வயித்தெரிச்சல்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பெண்கள் சிரித்தார்கள். அந்த மனுஷருக்குத் தமிழ் புரியும், முகம் சுருங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் மரத்தின் அடியைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தாளு சொல்றதுல விஷயம் இருக்கு, புள்ள."

"அப்படின்னா நீங்க கை காட்டுங்க. வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு நீங்க காட்டுங்க."

அவர் மரத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தை, மாசி, பங்குனி மூன்று மாதம் வெட்டு. வேலை கொடுத்த துரையும் தன் பங்குக்குப் பன்னிரண்டு மரங்களில் சுண்ணாம்பால் வெள்ளை வளையம் போட்டுவிட்டுப் போனார். அவையெல்லாம் பங்களாத் தோட்டத்துக்கு அழகாக நிற்க வேண்டுமாம். அவரும் என்னைப் போலத்தான், உயரமாக நேராக இருக்கிறதாகப் பார்த்துப் போட்டிருந்தார். இங்கிலீஷ் படித்த மூளைக்கும் என் மூளைக்கும் அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தது. என் வீட்டுக்காரர் குரல் கொடுப்பார், நாங்கள் ஓடி ஒதுங்குவோம், மரம் சடசடவென்று இறங்கும், தூசி அடங்குவதற்குள் நாங்கள் கிளையைப் பிடித்து இழுப்போம். அட்டைக்கடி, முள்கீறல், சிவந்த கண். ஆனாலும் அந்த மூன்று மாதம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல மாதம். மத்தியானம் அவர் கருவாட்டுக் குழம்பு கேட்பார், நான் பர்மாக்காரர்களின் ஙப்பி என்கிற மீன்விழுதைப் போட்டுக் குழம்பு வைத்து ஏமாற்றுவேன். தெரிந்தும் தெரியாத மாதிரி சாப்பிட்டுவிட்டு, 'இன்னிக்குக் கருவாடு கொஞ்சம் ஜாஸ்தி' என்பார்.

பங்குனி முடிவில் திரும்பிப் பார்த்தால் காடே இல்லை. அடிக்கட்டைகளும் சிவப்பு மண்ணும்தான். அந்த வெட்டவெளியில் என் மரம் தனியாக நின்றது. காட்டுக்குள் நின்றபோது இருந்த கம்பீரம் எங்கே போனதோ தெரியவில்லை. ஒல்லியாக, நீளமாக, உச்சியில் மட்டும் தலை கனத்து நின்றது. அதுவரை வெயிலே படாத அடிப்பட்டை வெயிலில் காய்ந்து வெடித்தது. உச்சியில் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. அங்கே இருந்த ஒரே நிழல் அதுதான், அதனால் எல்லோரும் மத்தியானத்தில் என் குடிசைப் பக்கம் வந்து உட்கார்ந்து எனக்கு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மரமாகப் பார்த்துத்தான் காட்டினாய் என்றார்கள்.

சித்திரையில் முதல் புயற்காற்று வடக்கேயிருந்து வந்தது. கால் மணி நேரம்கூட இருக்காது. கூரைக் கீற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். காற்று நின்றதும் அவர் வெளியே போனார். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் மரத்தின் அடியில், வடக்குப் பக்கம், குனிந்து நிற்கிறார். தரையில் பிறை வடிவத்தில் ஒரு வெடிப்பு, என் விரல் நுழைகிற அகலம்.

"இங்க வந்து காலை வை" என்றார்.

வைத்தேன். மேலே லேசாகத்தான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மரம் அசைய அசைய, என் காலுக்குக் கீழே மண் மெதுவாக ஏறி இறங்கியது. அடியில் எங்கேயோ வேர் ஒன்று டப்பென்று அறுந்த சத்தம் கேட்டது. காலை இழுத்துக்கொண்டேன்.

"தெற்கே, நம்ம குடிசைப் பக்கம்தான் இழுக்குது. குடிசையை மாத்திப் போடறேன்."

"விளக்கு வைக்கிறவ குடிசையை எடுத்துக்கிட்டு ஓடினா என்ன அர்த்தம்? சாமி மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம். முதல் ரெண்டுக்கும் சாமி இல்ல, அதான் போச்சு. இதுக்காவது இருக்கட்டும்."

"புள்ள, இது சாமி விஷயம் இல்ல. வேரு விஷயம்."

"உங்களுக்கு எல்லாமே வேரும் கட்டையும்தான்."

அவர் அந்த வெடிப்பில் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டார். மறுநாள் பார்த்தால் அது மறுபடி திறந்திருந்தது. அடுத்த நாளும் மிதித்தார். கூட்டத்தில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

வைகாசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ரங்கூன் மழையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நாள் கணக்கில் விடாது. மேட்டுமண் முழுக்கச் சோறு குழைந்த பதத்துக்கு வந்துவிட்டது. அந்த மழையில்தான் என் மகள் பிறந்தாள். நல்ல எடை, நல்ல குரல். என் மார்பைக் கடித்து உறிஞ்சினாள். முதல் இரண்டும் இப்படி உறிஞ்சியதே இல்லை. அவளைப் பார்த்து நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. இவள் தங்குவாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

துரையின் வெள்ளை வளைய மரங்களில் முதலாவது, மகள் பிறந்த நான்காம் நாள் விழுந்தது. வேரோடு கிளம்பி, ஒரு குடிசை அளவுக்கு மண்தட்டைத் தூக்கிக்கொண்டு சாய்ந்தது. ஆறாம் நாள் இன்னொன்று நடுவில் முறிந்தது. எட்டாம் நாள் என் வீட்டுக்காரர் வந்து வாசலில் உட்கார்ந்தார். எனக்குப் பிள்ளைப்பேற்றுத் தீட்டு. முப்பது நாள் நானும் பிள்ளையும் அந்தக் குடிசையை விட்டு எங்கும் போகமுடியாது, வேறு யாரும் எங்களைத் தங்கள் கூரைக்குக் கீழே சேர்க்கவும் மாட்டார்கள். இனிமேல் குடிசையை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. மரத்தைத்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

"தண்ணி ஊத்திடு, புள்ள. அரை நாள்ல வெட்டி, ஒரு கிளைகூட இந்தப் பக்கம் வராம இறக்கிடறேன். என் கையைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"எட்டு நாள்தான் ஆகுது. காவலை எடுத்துட்டு இவளை யாருகிட்ட விடறது?"

"சரி, வெட்டல. மேல ஏறித் தலையை மட்டும் கழிச்சு விட்டுடறேன். தலைபாரம் குறைஞ்சா காத்து பிடிக்காது. அடியைத் தொடவே மாட்டேன்."

"கழிச்சாலும் இரும்புதானே படுது?"

 அவர் ஈரத்தலையைக்கூடத் துவட்டாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால்தான் அந்த யோசனையைச் சொன்னேன்.

"வெட்ட வேணாம். கயிறு போட்டு இழுத்துக் கட்டிடுங்க. நாலு பக்கமும் கட்டிட்டா எங்க போகும்? கயிறு இரும்பில்லையே."

என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். "சரி" என்றார்.

மறுநாள் மத்தியானம் மழை விட்டது. மேஸ்திரிகூட நல்ல யோசனை என்றார். பிரம்பு வடம் நாலு, கீழே பிடிக்க நாலு ஆள். அவர் இடுப்பில் எப்போதும் இருக்கிற கைக்கோடாரியை எடுத்து என் வாசலில் வைத்துவிட்டு, காலில் கயிற்று வளையம் மாட்டிக்கொண்டு ஏறினார். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரப்பட்டை வழுக்கியது. இருந்தாலும் ஏறிவிட்டார். கிளைக்கொத்துக்குக் கீழே முதல் வடத்தைக் கட்டி முடிச்சுப் போட்டார். ஆட்கள் அதை இழுத்து மேற்கே ஓர் அடிக்கட்டையில் சுற்றினார்கள். "அடுத்தது அனுப்பு" என்று மேலேயிருந்து கத்தினார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

காற்று தென்மேற்கிலிருந்து வந்தது. முன்னறிவிப்பாக ஓர் இடிகூட இல்லை. அந்த வெட்டவெளியில் அதைத் தடுக்க ஒரு புதர் மிச்சமில்லை, எல்லாவற்றையும் நாங்கள்தான் வெட்டியிருந்தோம். மரம் வளைந்தது. திரும்பவும் நிமிரும் என்று நினைத்தேன். வடம் அறுந்து சுழன்றது. தென்மேற்குப் பக்கம் தரை திறந்து எழுந்தது. வேரும் சிவப்பு மண்ணுமாக ஒரு சுவர் என் கண்முன்னால் நிமிர்ந்தது. மரம் அவசரமே இல்லாமல்தான் போனது. அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. வடகிழக்கே, குடிசைக்கு எதிர்ப்பக்கம், அது விழுந்தது.

எங்கள் கூரையில் ஓர் இலைகூட விழவில்லை. சும்மா விட்டிருந்தாலும் மூன்று பேரும் பிழைத்திருப்போம். தண்ணீர் ஊற்றி வெட்டவிட்டிருந்தாலும் மூன்று பேரும் பிழைத்திருப்போம். நான் சொன்ன ஒரே ஒரு வழியில்தான் அவருக்குச் சாவு இருந்தது.

தீட்டுக்காரி என்று என்னை அவர் முகத்தைக்கூடக் கிட்டப்போய்ப் பார்க்க விடவில்லை. நான் வாசலில் நின்று கத்தினேன், மேஸ்திரியின் அம்மாவையும் இழுத்துக் கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக் கத்தினேன். இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது பிள்ளை பாலுக்கு அழுதாள். உட்கார்ந்து கொடுத்தேன்.

சாயங்காலத்துக்குள்ளேயே தீர்ப்பு வந்துவிட்டது. கீற்றுக்கு வெளியே பெண்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பெண் பிறந்த நேரம் சரியில்லை. முனி இவளைத் தங்கவைத்துவிட்டு அதற்கு ஈடாக அப்பனை எடுத்துக்கொண்டது. அப்பனை முழுங்கிவிட்டுப் பிறந்திருக்கிறது. யாரும் என் பேச்சை எடுக்கவில்லை. கை காட்டியது யார், தண்ணீர் ஊற்றமாட்டேன் என்றது யார், கயிறு என்றது யார், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மேஸ்திரி எனக்கு ஒரு புதுச்சேலை கொடுத்தனுப்பினார். விழுந்த மரத்தில் மறுபடி மஞ்சள் துணி கட்டினார்கள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. பத்து நாள் பிள்ளை, அதற்கு என்ன தெரியப்போகிறது, பழி அதன் மேல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசின் ஒரு மூலையில் நினைத்தேன். சாமி எடுத்துக்கொண்டது என்று நானும் நம்பிக்கொண்டேன்.

அந்த நம்பிக்கையும் ஆடி வரைக்கும்தான். தீட்டுக் கழிந்து, வேலை முடிந்து, பசுந்தாங்குக்குத் திரும்புகிற அன்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் பாதைக்கு நடந்தேன். வழியில் துரையின் மரங்கள் கிடந்தன. பன்னிரண்டும் கிடந்தன. சில வேரோடு, சில நடுவில் முறிந்து, ஒன்று இன்னொன்றின் மேல் சாய்ந்து. எல்லாம் தலையை வடகிழக்கே வைத்துத்தான் கிடந்தன, என் மரம் போலவே. அதில் ஒன்றிலும் முனி இல்லை, மஞ்சள் துணி இல்லை, யாருக்கும் அந்த வாரம் பிள்ளை பிறக்கவில்லை. சாமியும் இல்லை, பிள்ளையின் நேரமும் இல்லை. காற்றுக்குப் பழகாத மரத்தைத் தனியாக நிறுத்தினால் விழும். அவ்வளவுதான். எண்ணெய் எடுக்கிற மனுஷர் விழுந்த மரமொன்றில் உட்கார்ந்து பட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான்தான் நிற்காமல் போய்விட்டேன்.

பிறகு அரிசி ஆலையில் புடைக்கிற வேலை. அதே லைன் வீடு, அதே கோணிப்பைத் திரை. காட்டில் கூட இருந்த குடும்பங்கள் நாலைந்து பக்கத்திலேயே இருந்தன, அதனால் அந்தப் பேச்சும் கூடவே வந்தது. மகள் நடந்தாள், பேசினாள், அம்மை வந்து பிழைத்தாள். பழகுகிற பிள்ளைகள் எல்லாம் பர்மாப் பிள்ளைகள், அவர்களோடு பர்மியம், என்னோடு தமிழ். எது உடைந்தாலும், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், அவள் அந்தப் பக்கம் போயிருந்தால் போதும், 'அப்பனையே முழுங்கினது' என்று யாராவது ஒருத்தி சொல்வாள். நான் சண்டைக்குப் போவேன். கெட்ட வார்த்தையில் எனக்குக் குறைவே கிடையாது. ஆனால் சொல்லவேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் அந்தச் சண்டைகளில் நான் சொன்னதில்லை. நான்தான்டி அதற்குக் காரணம் என்று சொல்லியிருந்தால் சண்டை அன்றோடு முடிந்திருக்கும். அப்புறம் அந்த லைனில் என்னை யார் பார்ப்பார்கள், யார் எனக்குத் தண்ணீர் கொடுப்பார்கள் என்று பயம்.

அவளுக்கு ஏழு வயது நடக்கும்போது ஒரு மத்தியானம் சோறு போட்டேன். பிசைந்துகொண்டே கேட்டாள்.

"ஏம்மா, நான் அப்பாவை எப்படி முழுங்கினேன்? அப்ப எனக்குப் பல்லே இல்லையே?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். எவ்வளவு நாளாக அதை யோசித்துக்கொண்டிருந்தாளோ.

"நீ முழுங்கலடி. காத்தடிச்சு மரம் விழுந்துடுச்சு."

"அப்பா ஏன் அதுல ஏறினாரு?"

"கயிறு கட்ட."

"அவருதான் மரம் வெட்டுற ஆளாச்சே. வெட்டியிருக்கலாமே?"

 பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"வெட்டறேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். ஏறிக் கட்டுங்கன்னு சொன்னதும் நான்தான்."

கையில் இருந்த உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டாள். "நீயா?"

"நான்தான்."

என்னை அடிப்பாள், அழுவாள், எழுந்து ஓடுவாள் என்று காத்திருந்தேன். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் எழுந்து போய்த் திரையை விலக்கி, அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். திரும்பி வந்து எச்சில் கையால் என் வாயைப் பொத்தினாள்.

"சத்தமா சொல்லாதம்மா. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

அப்புறம் உட்கார்ந்து மிச்சச் சோற்றைத் தின்று முடித்தாள்.

நாலு நாள் கழித்துத் தெருக்குழாயில் வரிசை. அவள் முன்னால், நான் இரண்டு பேருக்குப் பின்னால். யாருடைய மண்பானையோ அவள் கால் பட்டு உருண்டு உடைந்தது. பானைக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "அப்பனையே முழுங்கினவளாச்சே, என் பானையை விடுவியா நீ?"

என் மகள் திரும்பி வரிசையில் என்னைத் தேடினாள். பார்த்தாள். பிறகு அந்தப் பெண்பிள்ளை முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"ஆமா. நான்தான் முழுங்கினேன்."

சொல்லிவிட்டுக் குழாயடியில் குடத்தை வைத்தாள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வரிசை ஓர் ஆள் நகர்ந்தது, நானும் நகர்ந்து நின்றேன்.